பிள்ளையார் ப்ளோ

15 ஜூன் 1987, திங்கள்

காஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை. ஸ்டவ் பற்றவைத்தேன். சோறு முழுக்க மண்ணெண்ணெய் வாடை.

ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். நான்காம் தேதி விழுந்து நொறுங்கிய எங்கள் ஆய்வு விமானம் 'த்வரா' பற்றிய முதற்கட்டக் கருத்தாம். மொத்தம் நான்கு வரி. "விமானி அனுமதிக்கப்பட்ட பதினான்கு பாகை வரம்பை மீறி மூக்கை நிமிர்த்தியதாகத் தெரிகிறது." யாருக்குத் தெரிகிறது? பதிவுக் கருவி எரிந்து கரியாகிவிட்டது. விமானி மாசிலாமணி முதுகெலும்பு முறிந்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விசாரணைக் குழு இன்னும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினெட்டு வருடம் நானூறு பேர் சேர்ந்து செய்த ஒரே ஒரு விமானம். பதினோரு நாளில் அதற்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

தாளுக்குக் கீழே டாக்டர் திருவேங்கடத்தின் கையெழுத்து. காற்றுச் சுரங்கப் பிரிவுக்கு அவர்தான் தலைவர், எனக்கும் மேலதிகாரி. மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். விபத்தைப் பற்றி இருக்கும் என்று போனேன். வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்: அதிவேக ஆய்வு விமானங்களின் வரலாறு.

"சுருக்கமா, பெருமையா எழுதுங்க சௌந்தரி."

"சுருக்கமா எழுதறேன் சார்" என்றேன்.

17 ஜூன், புதன்

நூலகத்தில் முழு நாள். குறிப்புகள்:

1947இல் ஓர் ஆரஞ்சு நிற அமெரிக்க விமானம், குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து விடப்பட்டு, முதல்முறையாக ஒலியை முந்தியது. தோட்டா ஒலியை முந்தும் என்று தெரிந்திருந்ததால் அதையும் தோட்டா வடிவத்தில் செய்தார்கள். முந்தின வருடமே பிரிட்டன் பாதிக்கு மேல் முடித்திருந்த ஒன்றைக் கைவிட்டது. 1953 டிசம்பரில் ஒலியைப் போல் இரண்டரை மடங்கை நெருங்கிய விமானம் ஒன்று கட்டுப்பாடு இழந்து, ஐம்பதாயிரம் அடி உருண்டுகொண்டே விழுந்தது. விமானி எப்படியோ அதை நிமிர்த்தித் தரையிறங்கினார். 1956 செப்டம்பரில் மூன்று மடங்கைத் தாண்டிய முதல் மனிதர் திரும்பி வரவில்லை. அந்த விமானத்தில் அவருக்கு அதுவே முதல் பயணம்.

இவரைப் பற்றி ஒரு புத்தகம் சொல்கிறது: "வேகம் குறையும் முன் சீக்கிரம் திருப்பிவிட்டார்." அந்த வேகத்துக்கு அதுவரை ஒருவரும் போனதில்லை. யாருமே போகாத இடத்தில் எது சீக்கிரம், எது தாமதம்? நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும்.

1953, 1956 இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். வேகம் கூடக் கூட, மூக்கு நிமிர நிமிர, வால் துடுப்பின் பிடிமானம் குறைகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு விமானம் தன் மூக்கு எந்தப் பக்கம் என்பதையே மறந்துவிடுகிறது. அவர்களுடைய வரைபடங்களில் கோடு செங்குத்தாக விழுகிறது. எங்கள் த்வராவின் வரைபடத்தில் மெல்லச் சரிந்ததாக ஞாபகம். எங்கள் வால் துடுப்பு பெரியது. அதனால் இருக்கலாம்.

18 ஜூன், வியாழன்

த்வராவின் வால் துடுப்பு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வரைந்தவர் கையெழுத்து மங்கியிருக்கிறது.

20 ஜூன், சனி

ஆய்வகத்தின் சார்பில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து வேலை வந்துவிட்டது. ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நான் போனேன்.

அதிகாரிகள் வார்டு. எட்டுக் கட்டில். மாசிலாமணி மார்புவரை மாவுக்கட்டில், கூரையைப் பார்த்தபடி. நாற்பத்தொரு வயது. ஆம்பூர்க்காரர். மனைவி ஜெயவதி ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டார்.

"மேடம், பன்னெண்டு" என்றார் மாசிலாமணி, வணக்கத்துக்குப் பதிலாக. "பன்னெண்டு பாகைக்கு மேல ஒரு பொட்டு போகல. முள்ளை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒலியைப் போல ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. மெதுவாத்தான் திருப்பினேன். மூக்கு வலது பக்கம் போயிடுச்சு. சொல்லிட்டுக்கூடப் போகல."

"இதையே நர்சுகிட்ட, பால்காரன்கிட்ட, கூட்ட வர்ற அம்மாகிட்ட எல்லாம் சொல்லியாச்சு" என்றார் ஜெயவதி. "கேக்க வேண்டியவங்கதான் இன்னும் வரல."

"வருவாங்க" என்றேன்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குது மேடம். 'உங்கப்பா கவர்ன்மெண்டு ஏரோப்ளேனை ஒடச்சிட்டாரு'ன்னு பசங்க சொல்றாங்களாம். பசங்க எங்கேருந்து சொல்லுவாங்க? வீட்ல பெரியவங்க பேசறதுதானே."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் செய்தித்தாளைப் புரட்டாமல் வைத்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டுல ஒரு விமானம் அப்படிப் போகுமா மேடம்? நீங்கதானே சுரங்கத்துல எல்லாம் அளந்தீங்க? சொல்லுங்க, போகுமா?" என்றார் மாசிலாமணி.

மழை வரும் போலிருந்தது. குடை கொண்டுபோகவில்லை. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

24 ஜூன், புதன்

சிலிண்டர் வந்தது. கடைவாய்ப் பல் வலிக்கிறது.

1981ஆம் வருடச் சோதனைப் பதிவேட்டைக் கேட்டுச் சுரங்கத்துக்குப் போனேன். சுரங்கத்தை இயக்கும் குப்புராஜ் கோலார் தங்கவயல்காரர். இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல், அதே வால்வு. தொட்டியில் அழுத்தி நிரப்பிய காற்றைத் திறந்துவிட்டால், உள்ளே தாங்கியில் மாட்டிய மாதிரி விமானத்தின் மேல் இருபது விநாடி புயல். அதற்கு இங்கே 'ப்ளோ' என்று பெயர். மறுபடி தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம்.

"இன்னா மேடம், பழைய பஞ்சாங்கம் எதுக்கு? நம்ம துவரைதான் அவிஞ்சி போச்சே."

த்வரா என்ற பெயர் வைத்த நாளிலிருந்து அவருக்கு அது துவரைதான்.

பதிவேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் காலை முதல் ப்ளோவின் அளவுகள் மீது சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'பி' என்று ஓர் எழுத்து.

"பிள்ளையார் ப்ளோ" என்றார் குப்புராஜ். "தெரியாத மாதிரி கேக்கறீங்களே. மொத ப்ளோ பிள்ளையாருக்கு. கணக்குல சேக்கக் கூடாது. அறுபத்தாறுல பெரியவர் போட்ட சட்டம்."

சுவரில் இன்னும் தொங்குகிறது அந்தச் சுற்றறிக்கை, கண்ணாடி போட்டு. கையெழுத்து: திருவேங்கடம். நியாயமான சட்டம்தான். அன்றைக்குக் காற்றை உலர்த்தும் கருவி பழையது. இரவெல்லாம் குழாயில் தங்கிய ஈரம் காலையில் பனியாகப் பறக்கும், அளவு கெடும். 1975இல் புதிய உலர்த்தி வந்தது. சட்டம் போகவில்லை.

"பெரிய கோணம் எல்லாம் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"காலைலதான். வளைஞ்ச தாங்கி மாட்ட ரெண்டு மணி நேரம் புடிக்கும். மொத நாள் சாயங்காலமே மாட்டிட்டுப் போயிருவோம். காலைல வந்தா மொதல்ல பன்னெண்டு பாகை. அப்புறம் தாங்கியக் கழட்டிட்டு எட்டு, நாலு..." விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர் நின்றார். என்னைப் பார்த்தார். "ஐயய்யோ மேடம்."

ஆமாம். பன்னிரண்டு பாகை எப்போதும் முதல் ப்ளோ. முதல் ப்ளோ எப்போதும் பிள்ளையாருக்கு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல பழக்கம். இரண்டும் சந்தித்த இடத்தை ஆறு வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை. எட்டு பாகைக்கு மேல் இந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாங்கள் அளந்தோம், உடனே அடித்தோம். பிறகு யாரோ வளைகோடு வரையும் வளைகோல் ஒன்றை வைத்து, எட்டிலிருந்து பதினான்கு வரை கோட்டை அழகாக நீட்டிவிட்டார்கள்.

28 ஜூன், ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து, மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேன். பிறகு சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அடிக்கப்பட்ட பதினோரு அளவுகளையும் கையாலேயே கணக்கிட்டேன். ஐந்து மணிக்கு முடிந்தது.

மூன்று வாரத்தில், பதினோரு வெவ்வேறு காலைகளில், வெவ்வேறு வேகங்களில் எடுத்தவை. ஈரத்தால் கெட்டவை என்றால் சிதறிக் கிடக்க வேண்டும். பதினொன்றும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. ஈரம் அப்படி வரிசையில் நிற்காது.

ஒலியைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், பன்னிரண்டு பாகையில், வால் துடுப்பின் பிடிமானம் பூஜ்யம்.

மாசிலாமணி சொன்னது அப்படியே.

29 ஜூன், திங்கள்

ஆபீஸ் போகவில்லை. பல்.

3 ஜூலை, வெள்ளி

டாக்டர் திருவேங்கடத்திடம் வரைபடத்தை வைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். கணக்குத் தெரிந்த மனிதர். இரண்டு நிமிடத்தில் புரிந்திருக்கும்.

"முதல் ப்ளோ புள்ளிங்களை எப்படி நம்பறது?"

"நம்பக் கூடாதுன்னா ஏன் சார் அளந்தோம்?"

"சௌந்தரி, உட்காருங்க." உட்கார்ந்துதான் இருந்தேன். "மாசிலாமணி இனிமே பறக்கப் போறதில்ல. டாக்டர் என்கிட்டயே சொல்லிட்டார். அவரைப் பத்தி அறிக்கையில ஒரு வரி வரும். அவ்வளவுதான். யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல. இது வெளியில வந்தா சுரங்கத்தை மூடுவாங்க. இருபத்தஞ்சு வருஷ அளவு எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க."

"சந்தேகப்படட்டும் சார். சந்தேகப்படறதுக்குத்தானே நம்மளைப் படிக்க வெச்சாங்க."

"ஒரு வரிம்மா. ஒரு வரியில அவருக்கு என்ன போயிடும்?"

இருபத்து நான்கு வருடத்தில் இந்த அறையில் நான் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. ஆனால் எழுந்துவிட்டேன். "அவர் பொய் சொல்றார்னு அந்த வரி சொல்லுது சார்" என்றேன். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

கதவுவரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து சொன்னார், மெதுவாக, இரக்கத்தோடு என்றுகூடச் சொல்லலாம்: "பழைய வரைபடத்துல யார் கையெழுத்துன்னு பார்த்தீங்களா?"

6 ஜூலை, திங்கள்

பார்த்தேன். பதினெட்டாம் தேதியே பார்த்தேன். மங்கவெல்லாம் இல்லை. ஜே.ஜி. சௌந்தரி என்று மணிமணியாக, என் கையெழுத்து. அந்தக் கோட்டை நீட்டிய 'யாரோ' நான்தான். 1982 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. வளைகோல் பித்தளை.

நாட்குறிப்பில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று?

அன்றைக்கு ஒரு நிமிடம் யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது. அடித்த புள்ளிகளையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா என்று. வழக்கமில்லை என்று விட்டுவிட்டேன். மற்றவர்கள் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்கிறவள், சுவரில் கண்ணாடிக்குள் தொங்கிய ஒரு காகிதத்தை மட்டும் கேட்காமல் விட்டேன்.

9 ஜூலை, வியாழன்

என் பெயரில் ஒரு வாக்குமூலம் தட்டச்சாகி வந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. "வரைபடப் பிரிவில் தனிநபர் கவனக்குறைவால் சிறு பிழை நேர்ந்திருக்கலாம். எனினும் விமானி வரம்பை மீறியதே விபத்தின் முதன்மைக் காரணம்." கீழே நான் கையெழுத்திட ஒரு கோடு.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம்! என் குற்றத்தை நான் ஒத்துக்கொண்டுவிடுவேன் என்று ஊகித்து, அதை வைத்தே மாசிலாமணியையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். நான் செய்த தவறை நான் சொல்லிக்கொள்வேன். அதன் முதுகில் இன்னொரு பொய்யை ஏற்ற இவர்கள் யார்?

கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி அனுப்பிவிட்டு, விசாரணைக் குழுவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினேன். துறைத் தலைவர் வழியாக அனுப்பாதது விதிமீறல் என்று தபால் குமாஸ்தா சொன்னார். "ஆமா" என்று சொல்லி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

14 ஜூலை, செவ்வாய்

விசாரணை. நீள மேஜை, ஐந்து பேர், குளிர்ந்த காபி. தலைவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி, வெள்ளை மீசை, வடக்கத்தியர். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

பதிவேடு, சுற்றறிக்கை, இரண்டு வரைபடங்கள். வரிசையாக வைத்தேன். குப்புராஜையும் கூட்டிப் போயிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கைகட்டி நின்றார். அவருக்கு நான் மொழிபெயர்த்தேன்.

"முதல் அளவை ஏன் அடித்தீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

"அடிக்கச் சொன்னாங்க, அடிச்சோம். ஆனா ஒண்ணுகூட அழிக்கலீங்க. கோடு மட்டும்தான் போட்டோம். இன்னைக்கும் படிக்கலாம்" என்றார் குப்புராஜ். வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

"இந்தக் கோட்டை எட்டிலிருந்து பதினான்குவரை நீட்டியது யார்?"

டாக்டர் திருவேங்கடம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்" என்றேன். "கையேட்டில் இருக்கும் பதினான்கு என்ற வரம்பு இந்தக் கோட்டிலிருந்து வந்தது. விமானி அதை நம்பினார். அவர் பன்னிரண்டைத் தாண்டவில்லை என்று சொல்கிறார். பன்னிரண்டே போதும் என்று இந்தப் பதினோரு புள்ளிகளும் சொல்கின்றன. அவர் சொன்னது இன்றுவரை உங்கள் கோப்பில் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கலாமா?"

கேள்வி கேட்பது சாட்சியின் வேலையில்லை என்றார்கள். ஆனால் தலைவர் எதையோ எழுதிக்கொண்டார். "அவரை நாளைக்கே பார்க்கிறோம்" என்றார்.

வெளியே வந்ததும் குப்புராஜ், "மேடம், ஒரு டீ?" என்றார். குடித்தோம்.

15 ஜூலை, புதன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாய் கோணிக்கொண்டது போலிருக்கிறது.

22 ஜூலை, புதன்

வரைபடப் பிரிவிலிருந்து என்னை நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மலர்க் கட்டுரையை வேறொருவர் பெருமையாக எழுதுவாராம். காண்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. முன்பும் அதிகம் வந்ததில்லை.

7 ஆகஸ்ட், வெள்ளி

இறுதி அறிக்கை வந்தது. பதினான்காம் பத்தி: "விமானி தமக்குத் தரப்பட்ட வரம்புக்குள்ளேயே விமானத்தைச் செலுத்தினார். விபத்துக்கு அவர் எவ்வகையிலும் காரணமல்லர்."

பதினைந்தாம் பத்தியில் என் பெயர். முழுப் பெயர், பதவி, வரைந்த தேதி. சரி. ஆனால் சுற்றறிக்கையை 'ஆய்வகத்தில் நிலவிய நடைமுறை' என்கிறார்கள். நிலவியதாம், மழை மேகம் போல! கையெழுத்துப் போட்டவர் பெயர் இல்லை. அவருக்கு இரண்டு வருடப் பதவி நீட்டிப்பு. முதற்கட்டத் தாளை ஒட்டியவருடைய பெயரும் இல்லை. இரண்டு பேரும் ஒருவர்தான் என்பதால் ஒரே பெயரை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்து மனு எழுதப் பேனா எடுத்தேன். எழுதுவேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பதினான்காம் பத்தியை மாசிலாமணிக்கு யாரும் அனுப்பவில்லை. அந்த அறிக்கை ரகசியமாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நான்கு வரி மட்டும் ரகசியமில்லை.

8 ஆகஸ்ட், சனி

நகலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டு எடுத்துத் தோல் பட்டை போட்டிருக்கிறார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் இன்னும் அசையவில்லை. கட்டில் ஓரத்தில் பத்து வயதுப் பெண் ஒன்று. மகள்.

பத்தியைப் படித்தேன். ஜெயவதி வாயைப் பொத்திக்கொண்டார். மாசிலாமணி என்னைப் பார்த்தார்.

"நீங்க போன மாசத்துக்கு முந்தின மாசம் வந்தீங்க" என்றார். "ஆரஞ்சு வாங்கிட்டு. பன்னெண்டுல போகுமான்னு உங்ககிட்ட கேட்டேன். அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

கணக்குப் போட்டது அதற்கப்புறம்தான் என்று சொல்லலாம். அது உண்மைதான்.

"சந்தேகம் இருந்தது. கோடு நான் போட்டதுன்னு தெரியும்."

"அப்புறம் எப்ப சொன்னீங்க?"

"ஜூலை பதினாலு."

"இருபத்தி நாலு நாள் ஆச்சு, ஜெயா" என்றார், மனைவியிடம். கூரையைப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும். "இருபத்தி நாலு நாள். எனக்கே ஒரு கட்டத்துல சந்தேகம் வந்துடுச்சு மேடம். பதினாலு தாண்டிட்டேனோன்னு. என் கண்ணையே நான் நம்பாம ஆயிட்டேன். அதை எந்தப் பத்தியில எழுதியிருக்காங்க?"

எந்தப் பத்தியிலும் இல்லை. "மன்னிச்சிடுங்க" என்றேன். அந்தச் சொல் அவரிடம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

நகலை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஜெயவதி வழியை மறித்தார்.

"இன்னொரு தரம் படிங்க. சத்தமா. எல்லாரும் கேக்கட்டும். ரெண்டு மாசமா இந்த வார்டு எங்களைத்தான் பேசிட்டிருக்கு."

எட்டுக் கட்டில். பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை இறக்கினார். வாசலில் நர்ஸ் ஒருத்தி நின்றாள். மகள் என்னையே பார்த்தாள். நான் கூட்டத்தில் பாடக்கூட வாய் திறக்காதவள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி, பதினான்காம் பத்தியைப் படித்தேன். முடிந்ததும் அவர் கை லேசாக உயர்ந்தது. போதும் என்றா, இன்னும் என்றா, தெரியவில்லை. நிறுத்தாமல் பதினைந்தாம் பத்தியையும் படித்தேன், என் பெயர், பதவி, தேதி எல்லாவற்றோடும், அதே சத்தத்தில்.